செவிலிமேட்டில் மிச்சமிருந்த நிறம்

எனக்குப் பயம் என்பது சளி மாதிரி. சீக்கிரம் பிடிக்கும், லேசில் விடாது. சின்ன வயதில் இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன். மின்விசிறி கொஞ்சம் ஆடினால் அதற்கு நேர் கீழே உட்கார மாட்டேன். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த ஆராய்ச்சியோ, சொந்த ஊர் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று பார்ப்பது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்லூரி வளாகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். ஊரெல்லாம் ஆழ்துளைக் கிணறு போட்டு நீரை உறிஞ்சுகிறார்கள், பாலாற்றில் மணலை அள்ளுகிறார்கள், இதனால் தரை இறங்குகிறதா என்று செயற்கைக்கோள் ரேடார் மூலம் பார்க்கலாம் என்றார் எங்கள் பேராசிரியர். அவர் குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. அந்த மெதுவான குரலில் அவர் சொன்னபோது எனக்கு அது ஒரு கணக்குப் பாடமாகத்தான் தோன்றியது. பயப்பட வேண்டிய விஷயம் என்று அப்போது உறைக்கவில்லை.

ரேடார் படம் என்றால் கண்ணால் பார்த்து ரசிக்கிற படம் அல்ல. செயற்கைக்கோள் மேலே இருந்து ஓர் அலையை அனுப்புகிறது, அது தரையில் பட்டுத் திரும்புகிறது, திரும்பியதைப் பதிவு செய்கிறார்கள். குறுந்தகட்டில் வந்த கோப்பைத் திறந்தால் உப்பும் மிளகும் கலந்து கொட்டியது போலத் திரை நிறைந்து கிடக்கும். ஒரே இடத்தை வெவ்வேறு காலத்தில் எடுத்த இரண்டு படங்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தி, அலை திரும்பிய நிலையில் என்ன வித்தியாசம் என்று கழித்துப் பார்க்க வேண்டும். தரை நகர்ந்திருந்தால் அது வண்ணப் பட்டைகளாகத் தெரியும். ஒரு முழு வண்ணச் சுற்று என்றால் மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எழுநூறு, எண்ணூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து விரல் அகலத்தை அளக்கிற வித்தை.

சொல்வதற்கு நாலு வரிதான். செய்வதற்குள் பிராணன் போய்விடும். இரண்டு படங்களும் இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். எங்கள் நெசவாளர் தெருவில், தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு முடியும்போது அதன் இழைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பார்கள். ஓர் இழை மாறினாலும் தறியில் ஏற்றிய பிறகு சேலை முழுக்கக் கோணும். அதே கதைதான் இங்கேயும். பிறகு செயற்கைக்கோள் இரண்டு தடவையும் பறந்த பாதையில் இருந்த வித்தியாசத்தைத் திருத்த வேண்டும், மேடு பள்ளங்களால் வரும் பட்டைகளை நீக்க வேண்டும், இரைச்சலை வடிகட்ட வேண்டும். நெல் வயல்களும் ஆற்று மணலும் மாறிக்கொண்டே இருப்பதால் அங்கெல்லாம் கேபிள் அறுந்த டிவி போல வெறும் புள்ளிகள்தான் வரும். சுவர்களும் மாடிகளும் உள்ள ஊர்ப்பகுதி மட்டும் தெளிவாக நிற்கும். கம்ப்யூட்டர் ஒரு கணக்கை முடிக்க ஒரு பகல் ஆகும். பாதியில் மின்சாரம் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். யூபிஎஸ் கீச்சிட்டாலே எழுந்து நின்றுவிடுவேன்.

கடைசியில் ஒரு வேலை உண்டு. இந்த முறையில் எந்த இடத்தையும் தனியாக அளக்க முடியாது. நகராதது என்று ஓர் இடத்தை நாம் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். அதைப் பூஜ்யமாக வைத்துத்தான் மற்ற இடங்கள் ஏறினவா இறங்கினவா என்று கணக்கு வரும். வேறு ஊர்க்காரியாக இருந்தால் ஒரு பாறையைத் தேடியிருப்பாள். நான் காஞ்சிபுரத்துக்காரி. எங்கள் ஊரில் வழி கேட்டால் கோபுரத்துக்கு இந்தப் பக்கம், கோபுரத்தைத் தாண்டி இடது கை என்றுதான் சொல்வோம். வெளியூர் போய்த் திரும்பும்போது பஸ்ஸில் கோபுரம் தெரிந்தால்தான் செருப்பை மாட்டுவோம். எல்லாம் மாறும், அது மட்டும் நின்ற இடத்தில் நிற்கும். நான் யோசிக்கவே இல்லை. கோபுரம் இருந்த புள்ளியின் மேல் சுட்டியை வைத்து அழுத்தினேன்.

அன்று மத்தியானம் படம் வந்தது. ஊர் முழுக்க இறங்கியிருந்தது. கடைத்தெரு, பஸ் ஸ்டாண்டு, எங்கள் தெரு எல்லாம் ஒரே நிறத்தில் கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர் கீழே. தெற்கே செவிலிமேட்டில் ஒரு துண்டு இன்னும் அடர்ந்த நிறத்தில், இரண்டு மடங்கு கீழே. பேராசிரியர் அன்று ஊரில் இல்லை. இருந்திருந்தாலும் காத்திருந்திருப்பேனா, தெரியாது. கல்லூரி பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் கிடைத்த ஷேர் ஆட்டோவில் ஏறி வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொட்டிவிட்டேன். செவிலிமேடு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அம்மா புடவையைக்கூட மாற்றவில்லை. நேராகப் போய் அங்கே குடியிருந்த அக்காவையும் அவள் குழந்தையையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அக்காவுக்கும் எனக்கும் ஆறு வயது வித்தியாசம். அவளுடைய கணவர், நான் மாமா என்று கூப்பிடுபவர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவர். கல்யாணத்துக்கு முன்பே செவிலிமேட்டில் வீடு கட்டியிருந்தார். முன்னால் கூடம், பக்கத்தில் சமையலறை, கடைசியில் ஓர் அறை. அந்தக் கடைசி அறையின் தலைக்கு மேலே மாடியில் செங்கல் வைத்துக் கட்டிய பெரிய தண்ணீர்த் தொட்டி. ரெண்டு நாள் கரண்ட் இல்லாவிட்டாலும் எங்கள் வீட்டில் குழாயில் தண்ணீர் வரும் என்று மாமா பெருமையடித்துக்கொள்வார். நாலு வயதாகிற அவர்கள் மகள் பாப்பாவுக்கு அந்த அறையில்தான் கட்டில். சுவரெல்லாம் யானையும் முயலும் ஒட்டி வைத்திருந்தாள்.

அம்மா செய்த ஆர்ப்பாட்டத்தில் விஷயம் தெருவுக்குப் பரவிவிட்டது. டீக்கடையில் காஞ்சிபுரம் முழுகப்போகிறதாம் என்று பேசிக்கொண்டார்கள். தரையில் தோண்டிய தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் நான் அந்த வழியாகப் போனபோது, நாங்க ஏற்கெனவே பாதி பூமிக்குள்ளதான் இருக்கோம், எங்களுக்குக் கணக்கு கிடையாதா என்று கேட்டார். சிரித்தார்தான், ஆனால் பதிலுக்காகக் காத்திருந்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த வாரம் முழுக்க நடக்கும்போதுகூடத் தரையை அழுத்தி மிதிக்கப் பயந்தேன்.

பிறகு ஒரு காலை, பஸ் சன்னல் வழியாக இன்னொரு கோயிலின் கோபுரத்தைப் பார்த்தேன். திருப்பணிக்காக அடியிலிருந்து கலசம் வரை சவுக்குக் கம்புகளால் சாரம் கட்டி, கீற்று போர்த்தியிருந்தார்கள். பார்த்த மாத்திரத்தில் எனக்கு உறைத்தது. அக்கா கல்யாணத்தன்று மாப்பிள்ளை அழைப்புக் கார் என் கோபுரத்தைத் தாண்டிப் போனபோது அதுவும் இதே மாதிரி கீற்றுக்குள்தான் ஒளிந்திருந்தது. கும்பாபிஷேகத்துக்காகப் பல மாதங்கள் அப்படித்தான் நின்றது. என் முதல் படம் அந்த வருடத்துப் படம். இரண்டாவது படத்தின்போது சாரம் பிரித்து, புதிதாகச் சுதை பூசி, வர்ணம் அடித்துவிட்டார்கள். முதல் தடவை அலை கம்பிலும் கீற்றிலும் பட்டுத் திரும்பியது, அடுத்த தடவை கோபுரத்தில் பட்டுத் திரும்பியது. ஊர் இறங்கவே இல்லை. நான் நம்பிய ஒரே ஒரு புள்ளிதான் மாறியிருந்தது.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒற்றைப் புள்ளியை நம்பாதே, உறுதியான கட்டடங்கள் பலவற்றின் சராசரியை எடு என்றார். வீட்டில் சொன்னபோதுதான் மானம் போயிற்று. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா மூட்டையைக் கட்டினாள். மாமா சிரித்த சிரிப்பில் குழந்தை பயந்து அழுதது. அன்றிலிருந்து என்னை எப்போது பார்த்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான். "இன்னாம்மா, இன்னிக்கு எவ்ளோ இறங்கியிருக்கோம்?" நாற்காலியில் உட்காரும்போது பிடித்துக்கொண்டு மெதுவாக உட்காருவார். சாப்பிட்டு ஏப்பம் விட்டால் ஊரே அரை அங்குலம் இறங்கிவிட்டதா என்று என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

நானும் சேர்ந்துதான் சிரித்தேன். பயம் விட்டுப்போன சுகத்தில் எந்தக் கேலியும் வலிக்கவில்லை. சராசரியை வைத்துக் கணக்கை மறுபடி ஓட்டினேன். படம் வந்தது. ஊர் முழுக்க ஒரே வெளிர் பச்சை, அசையாமல் கிடந்தது. கண்ணுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. அப்புறம் தெற்கே பார்த்தேன். செவிலிமேட்டில் அந்தத் துண்டு மட்டும் நிறம் மாறியே இருந்தது.

நாலைந்து புள்ளிகள்தான். வடிகட்டியைத் தளர்த்தினேன், இறுக்கினேன், போகவில்லை. பாதையை மறுபடி திருத்தினேன், போகவில்லை. கோபுரத்தைப் போல இதுவும் என் தப்பாக இருந்துவிடக் கூடாதா என்று கும்பிடாத தெய்வம் இல்லை. தன் கணக்கு தப்பாக வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஆராய்ச்சி மாணவி என்னைத் தவிர வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஊர் வரைபடத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தபோது அந்தப் புள்ளிகள் ஒரே வரிசை வீடுகளின் பின்பக்கமாக ஓடின. கடைசி வீடு அக்காவுடையது.

அந்த இடம் எனக்குத் தெரியும். சின்ன வயதில் அக்காவும் நானும் அப்பாவின் சைக்கிளில் ஆற்றுப் பக்கம் போகும்போது அங்கே பெரிய பள்ளம் இருந்தது. செங்கல் சூளைக்காக மண் எடுத்த பள்ளம். மழை நின்றால் எருமைகள் கழுத்தளவு தண்ணீரில் கிடக்கும். பிறகு லாரி லாரியாக இடிந்த சுவர்களையும் குப்பையையும் கொட்டி, மேலே மண் பரப்பி, கல் நட்டு மனை போட்டுவிட்டார்கள். நிரப்பிய மண் தன் பாட்டுக்கு அமுங்கிக்கொண்டிருக்கிறது. பள்ளத்தின் கரை அக்கா வீட்டுக்கு அடியிலேயே ஓடுகிறது என்றால் கூடம் கெட்டித் தரையில் நிற்கிறது, பின்னறை குப்பையின் மேல் நிற்கிறது.

பேராசிரியர் நிதானமாகத்தான் சொன்னார். வீடு மொத்தமாக இறங்கினால் பாதகமில்லை, ஒரு பக்கம் மட்டும் இறங்கினால்தான் ஆபத்து, அது இந்தப் படத்தில் தெரியாது, ஒரு புள்ளியே ஒரு வீட்டை விடப் பெரியது. இன்னொரு படம் வரவழைத்துப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றார். அது வர மாதக்கணக்காகும். எனக்கு வேறொரு கேள்வி இருந்தது. என் கையில் இருந்தவை அக்கா கல்யாண காலத்துப் படங்கள். அப்போதே இறங்கிக்கொண்டிருந்த இடம் அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் எவ்வளவு இறங்கியிருக்கும்? அதை என் கம்ப்யூட்டரால் சொல்ல முடியாது. பாப்பா மட்டும் தினமும் அதன் மேலேதான் தூங்கிக்கொண்டிருந்தாள், தலைக்கு மேல் ஒரு தொட்டித் தண்ணீரோடு.

போய்ச் சொன்னேன். சொல்லாமல் இருப்பேனா? அக்கா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "உன் கம்ப்யூட்டருக்கு கோபுரமே நகுந்துதுடீ. எங்க வூட்ட மட்டும் வுட்டுடுமா?" மாமா அதே கேள்வியைக் கேட்டார். எவ்வளவு என்று சொன்னேன். கட்டை விரலையும் சுட்டு விரலையும் அந்த அளவுக்குப் பிரித்துக் காட்டி, இதுக்கா என்று சிரித்தார். பின்னறைச் சுவரில் முயல் படத்துக்கு மேலே தொடங்கி உத்தரம் வரை ஒரு கீறல் போயிருந்தது. அதைக் காட்டினேன். பூச்சு வெடித்திருக்கிறது, எந்த வீட்டில் இல்லை என்றார். பின்கதவு பிடிக்கிறதே என்றேன். மழைக்கு மரம் ஊதியிருக்கிறது, இழைத்தால் சரியாகிவிடும் என்றார். ஒருமுறை ஊரையே மூழ்கடித்தவள் இரண்டாம் முறை ஒரு வீட்டை மூழ்கடிக்க வந்தால் யார்தான் நம்புவார்கள்? எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. அவர்கள் மேல் அல்ல, அந்தக் கீற்றுப் போர்த்திய கோபுரத்தின் மேல்.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. நிரப்பிய மண்ணில் தண்ணீர் இறங்கினால் இன்னும் அமுங்கும் என்பது எனக்குப் பாடமாகத் தெரியும். வீட்டில் தறிச் சத்தத்தில் ஆய்வேட்டை எழுத முடியவில்லை, கொஞ்ச நாள் அக்கா வீட்டில் இருந்து எழுதுகிறேன் என்றேன். பிறந்ததிலிருந்து அந்தத் தறிச் சத்தத்தில்தான் படித்தேன் என்பது அம்மாவுக்குத் தெரியாதா? ஆனாலும் ஒன்றும் கேட்கவில்லை. மேசை போட வேறு இடமில்லாததால் பின்னறை எனக்கு வந்தது. பாப்பா கூடத்தில் அக்காவோடு படுத்தாள். தன் முயலைச் சித்தி பிடுங்கிக்கொண்டாள் என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வந்த அன்றே சோற்றுப் பசையால் ஒரு செய்தித்தாள் துண்டைக் கீறலின் குறுக்கே ஒட்டி, அதன் மேல் காலண்டரை மாட்டினேன். சுவர் அசைந்தால் தாள் கிழியும். இதற்கு மேல் எனக்கு வேறு கருவி இல்லை.

அந்த அறையில் நான் தூங்கினேன் என்று சொல்ல முடியாது. மாமா மோட்டார் போட்டு, தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்க ஆரம்பித்தால் என் நெஞ்சின் மேலேயே ஊற்றுவது போல இருக்கும். எவ்வளவு கனம் ஏறுகிறது என்று மனசு தானாகக் கணக்குப் போடும். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டேன். கதவைத் திறந்தே வைத்தேன். சுவரில் பல்லி கத்தினால்கூட எழுந்து உட்கார்ந்தேன். பல முறை, போதும், நாளைக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்தேன். நான் போனால் பாப்பாதான் வந்து இங்கே படுப்பாள் என்று நினைத்ததும் மறுபடி படுத்துக்கொள்வேன். பயந்தாங்கொள்ளிகளுக்கு வீம்பும் உண்டு.

கார்த்திகை கழிந்து மழை விட்டது. வெயில் அடித்தும் பின்கதவு பிடித்துக்கொண்டேதான் இருந்தது. மாமா அதை இரண்டு தடவை இழைத்துவிட்டார். அதைப் பற்றி அவர் இப்போது ஏதும் பேசுவதில்லை என்பதைக் கவனித்தேன். காலண்டரைத் தூக்கிப் பார்க்கும் தைரியம் எனக்கும் விட்டுப்போயிருந்தது. வந்த புதிதில் தினமும் பார்த்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். கிழிந்திருந்தால் என்ன செய்வது என்ற பயம் ஒரு பக்கம், கிழியாமல் இருந்தால் என்னை நானே எப்படிப் பார்ப்பது என்ற வெட்கம் ஒரு பக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா பாப்பாவின் தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் வந்தாள். எழுதியது போதும், நாளைக்கு அம்மா வரச் சொன்னாள், இனிமேல் குழந்தை இங்கேயே படுக்கட்டும் என்றாள். பாப்பா கட்டிலில் ஏறிக் குதிக்கத் தொடங்கினாள். வேண்டாம் என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. சத்தம் கேட்டு மாமா வாசலில் வந்து நின்றார். வழக்கம்போல ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் போய்க் காலண்டரைத் தூக்கினேன்.

தாள் கிழிந்திருந்தது. நடுவில் நேராக, பிளேடால் அறுத்தது போல. இரண்டு பாதிகளுக்கும் நடுவே ஒரு சீட்டுக்கட்டு அட்டை நுழையும் அளவுக்கு இடைவெளி. இடது பாதியின் எழுத்து வரிகளும் வலது பாதியின் வரிகளும் ஒன்றுக்கொன்று சேரவில்லை.

மாமா கிட்டே வந்து விரலால் தொட்டுப் பார்த்தார். "எப்போ ஒட்டினே?"

"வந்த அன்னிக்கு."

தாளைப் பார்த்தார், தலையைத் தூக்கி மேலே தொட்டி இருந்த இடத்தைப் பார்த்தார், பிறகு என் கட்டிலைப் பார்த்தார். "அப்போ நீ எதுக்கும்மா இங்க வந்து படுத்துக்கினு இருந்தே?"

அக்கா கட்டிலில் குதித்துக்கொண்டிருந்த பாப்பாவைச் சட்டென்று இழுத்துத் தூக்கிக்கொண்டாள். தலையணை கீழே விழுந்தது.

மாமா மாடிக்கு ஏறினார். தொட்டியின் அடிக்குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. நாங்கள் பின்கதவைத் தோளால் தள்ளித் திறந்து வெளியே போய் நின்றோம். மாடியிலிருந்து தண்ணீர் குழாய் வழியாகப் வீட்டின் பக்கவாட்டுச் சிமெண்டுத் தரையில் வந்து விழுந்தது. அந்தத் தரையைப் போடும்போது தண்ணீர் முன்பக்கம் தெருவுக்கு ஓடும்படி மாமாதான் பக்கத்தில் நின்று வாட்டம் பார்த்துப் போட்டார். தண்ணீர் தெருப் பக்கம் போகவில்லை. கொஞ்ச நேரம் எங்கே போவது என்று தெரியாததைப் போல நின்றுவிட்டு, பின்னால் திரும்பி வந்தது. பின்னறைச் சுவரை ஒட்டி முழுக்கத் தேங்கியது. தொட்டி காலியாகும் வரை வந்துகொண்டே இருந்தது.

மாமா இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். லுங்கி நனைந்திருந்தது.

"எவ்ளோம்மா இறங்கியிருக்கோம்?" என்றார்.

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "தெரியலை மாமா" என்றேன்.